பேருக்கு ஒரு தங்கை

அடுப்பின் வாயிலிருந்து வெளியே வந்த பெல்ட்டில் ஆறு வரிசையாக பிஸ்கட் ஓடிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் ஒரு தாளைக் கொண்டுவந்து பொடிசின் முன்னால் நீட்டினார். அவள் வாங்கவில்லை. கை ஓடிக்கொண்டிருந்தது. கருகியது, உடைந்தது, கொப்புளம் கிளம்பியது மூன்றையும் ஓடும்போதே பொறுக்கி இடப்பக்கத் தட்டில் போட வேண்டும். கண்ணை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் கையை மட்டும் விட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் கண்ணையும் கூடவே ஓடவிட்டு, பத்து நிமிஷத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பொடிசு அங்கே நாற்பது வருஷமாக நிற்கிறாள்.

சூப்பர்வைசர் தாளைத் தட்டின் அடியில் செருகிவிட்டுப் போனார். இடைவேளையில்தான் எடுத்துப் படித்தாள். பக்கத்தில் அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவள் எட்டிப் பார்த்தாள். எந்தப் பேச்சிலும் வந்து ஒட்டிக்கொள்வதால் அவளுக்குக் கோந்து என்று பெயர்.

"என்னக்கா பேப்பர்?"

"வீட்டுக்குப் போன்னு எழுதியிருக்கு. இந்த மாசக் கடைசியில எனக்கு அம்பத்தெட்டு முடியுதாம். ஆட்சேபணை இருந்தா பதினஞ்சு நாள்ல எழுதிக் கொடுக்கணுமாம்."

கோந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நாப்பது வருஷம் அடுப்பு வாயில நின்னும் நீ வேகவே இல்லையேக்கா. யாரு சொல்லுவா அம்பத்தெட்டுன்னு?"

பொடிசு தாளை மடித்தாள். அவளுக்கு ஐம்பத்திநாலுதான்.

வீட்டில் மூன்று பெண்கள். பெரிசு, நடுசு, பொடிசு. பேர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. பேரெல்லாம் தாளில் இருப்பதற்கு. மூவரிலும் உயரமானவள் பொடிசு. வாசல் நிலையில் தலை இடிக்கிறவளைப் பொடிசு என்று கூப்பிடுவதைக் கேட்டு வந்துபோகிறவர்கள் சிரிப்பார்கள். நடுசு செத்துப்போனாள். பெரிசுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பொடிசுக்கு ஆயிற்று, பிள்ளை இல்லை. கம்பெனியில் சரக்கு வண்டி ஓட்டிய புருஷன் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததும் அக்காவின் இரண்டு அறை வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பெரிசு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கம்பெனி கேண்டீனில் சமைத்து ஓய்வு பெற்றவள். தோல் ஒரே நாடாவாக விழும்.

"அக்கா, நான் எழுதிக் கொடுக்கப்போறேன்."

"என்னன்னு?"

"எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்குன்னு. பதிவு ஆபீஸ்ல என் பிறந்த தேதி இருக்கும்ல. நகல் வாங்கி வெச்சா நம்பித்தான ஆகணும்."

நாடா அறுந்தது. "வேணாம்டி."

"ஏன்?"

"நாப்பது வருஷம் இன்னொருத்தி பேர்ல வேலை பாத்தேன்னு நீயே போய்ச் சொல்லுவியா? புடிச்சு உள்ள வெச்சுருவான்."

"வேலைக்குச் சேந்தப்ப எனக்குப் பதினாலு. சின்னப் புள்ளையைச் சேத்தது அவன் தப்பு. அவன்தான் பயப்படணும்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. பேசாம வீட்டுல இரு. இவ்வளவு நின்னது போதும்."

பெரிசு எதையும் இத்தனை வேகமாக மறுக்கிறவள் இல்லை. உப்பு கேட்டால்கூட யோசித்துத்தான் எடுத்துத் தருவாள். அந்த வேகத்தைப் பொடிசு மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

*

பொடிசு வேலைக்குச் சேர்ந்த வருஷம் அப்பா லாரியிலிருந்து மூட்டையோடு விழுந்து தொடை எலும்பு முறிந்து படுத்திருந்தார். அம்மா அதற்கு முன்பே இல்லை. நடுசுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. பிஸ்கட் கம்பெனியில் அவள் பேருக்கு வேலைக் கடிதம் வந்தது. அதை வாங்கித் தந்தவர் அப்போதைய மேலாளர். வீட்டுக்கே வந்து, அப்பாவின் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். பொடிசுக்கு அவர் போட்டிருந்த செண்டு வாசனைதான் ஞாபகம்.

அதற்கு நாலு நாள் கழித்து, விடியும்போது நடுசு வீட்டில் இல்லை. பெரிசும் இல்லை. சித்தி ஊருக்குப் போயிருக்கிறார்கள், சித்திக்கு உடம்பு சரியில்லையாம் என்று அப்பா சொன்னார். ஐந்தாம் நாள் பெரிசு தனியாக வந்தாள். விஷக் காய்ச்சல், மூன்றே நாள், அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்றாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். இரண்டு நாள் அப்படியே கிடந்தார். மூன்றாம் நாள் பொடிசைக் கூப்பிட்டு நிற்கச் சொல்லிப் பார்த்தார்.

"அக்கா பேப்பரை எடுத்துட்டு நாளைக்குக் கம்பெனிக்குப் போ. கேட்டா பதினெட்டுன்னு சொல்லு. நடுசு செத்தது வெளிய யாருக்கும் தெரியக் கூடாது. அழறதா இருந்தா வீட்டுக்குள்ளயே அழுதுக்க."

அது வாயைப் பொத்திக்கொண்டு அழுத சாவு. எட்டாம் வகுப்புப் புத்தகங்கள் பரணுக்குப் போயின. மறுநாள் காலையில் மேலாளர், ஆள் வேறு என்று தெரிந்தும், தாளையும் அவளையும் பார்த்துவிட்டு உள்ளே போகக் கை காட்டினார். பொடிசு பெல்ட்டின் முன்னால் நின்றாள். பத்து நிமிஷத்தில் தலை சுற்றி உட்கார்ந்தாள்.

மூன்றாவது வாரமே பெரிசு கேண்டீனில் சேர்ந்தாள். அதிலிருந்துதான் பொடிசுக்கு அக்கா மேல் கசப்பு. டீ கேனைத் தூக்கிக்கொண்டு மணிக்கொரு தரம் பேக்கிங் பிரிவின் கதவில் வந்து நிற்பாள். மேலாளர் அறைக்குப் பொடிசைக் கூப்பிட்டால், கூடவே டீயோடு நுழைவாள். ஷிப்டு முடிந்து வந்தால் கேட்டில் நிற்பாள். கல்யாணம் ஆகும்வரை பத்து வருஷம் இப்படி. "உங்கக்கா உன்னை வேவு பாக்கறாடி" என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். பொடிசுக்கும் அப்படித்தான் பட்டது.

*

பதிவு அலுவலகத்தில் மழை ஈரம் தரை முழுக்க. ஒற்றை மின்விசிறி பழைய பதிவேடுகளின் ஓரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது. குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் படித்தார். பொடிசு சீட்டில் எழுதிக் கொடுத்த பேர், அப்பா பேர், தேதி மூன்றையும் விரலால் தேடிக் கண்டுபிடித்தார்.

"இருக்கு. ஆனா இதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான நகல் கொடுத்தோம். தொலைச்சிட்டீங்களா?"

"நான் வாங்கலையே."

"வாங்கியிருக்கீங்களே. நேர்ல வந்து கையெழுத்துப் போட்டிருக்கீங்க." அவர் விண்ணப்பக் கட்டைப் புரட்டினார். "டீச்சர்தான நீங்க? பெண்கள் விடுதிப் பள்ளிக்கூடம்."

பொடிசு விண்ணப்பத்தைக் குனிந்து பார்த்தாள். அவளுடைய பேர். அவளுடைய அப்பா. அவள் பிறந்த தேதி. கீழே நிதானமான, படித்தவர்கள் போடும் கையெழுத்து.

"இது நான் இல்லைங்க. இந்தப் பேருக்காரி நான்தான்."

"அப்ப இவங்க யாரு?"

"அதைத்தான் நான் கேக்கறேன்."

"உங்க அடையாள அட்டையைக் காட்டுங்க."

பையைத் திறந்தவள் கையை உள்ளேயே வைத்துக்கொண்டாள். அட்டையில் இருப்பது நடுசின் பேர். அதைக் காட்டினால் இவர் என்ன கேட்பார் என்பது கேட்காமலே தெரிந்தது. பையை மூடினாள்.

குமாஸ்தா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவளைப் பார்த்தார். "நீங்க யாருங்கறதை முதல்ல நீங்க முடிவு பண்ணிட்டு வாங்கம்மா."

பேருந்தில் வரும்போது அவளுக்கு உடம்பு கூசியது. யாரோ ஒருத்தி தன் பேரைப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டுத் தூங்கி, பாடம் நடத்திக்கொண்டிருக்கிறாள். தன் பேப்பர் வெளியே போவதென்றால் எங்கிருந்து போயிருக்கும்? வீட்டுத் தாளெல்லாம் இருக்கும் டிரங்குப் பெட்டியின் சாவி அம்மா போனதிலிருந்து பெரிசின் இடுப்பில்தான். எதற்காகக் கொடுத்தாள்? யாருக்கு? அதனால்தான் அன்றைக்கு உருளைக்கிழங்குத் தோல் அறுந்தது.

வீட்டுக்குப் போய் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மறைத்துவிடுவாள், பார்த்தால் அகப்படுவாள். மூன்று நாள் பார்த்தாள். பெரிசு கடைக்குப் போனால் எவ்வளவு நேரம், தபால்காரர் வந்தால் யார் முதலில் எழுந்திருக்கிறார்கள், தலையணை எந்தப் பக்கம் தடித்திருக்கிறது. பெரிசும் சும்மா இல்லை. "பதிவு ஆபீஸ் பக்கம் போனியா?" என்று ஒரு தரம் கேட்டாள். "இல்லை" என்றாள் பொடிசு. ஈரச் செருப்பு இரண்டுபேர் கண்ணெதிரே வாசலில் கிடந்தது.

நாலாம் நாள் காலை, காகிதம் கருகும் வாசனையில் பொடிசு விழித்தாள். அடுப்பு வாசனையில் நாற்பது வருஷம் நின்றவள் மூக்கு அது. பால் வைப்பதற்கு முன்பே பெரிசு அடுப்பின் முன் குந்தியிருந்தாள். பொடிசு பின்னால் போய் நின்று, கையை நீட்டி, எரிந்துகொண்டிருந்த உறையைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தாள். மிச்சமிருந்த மூலையில் பள்ளிக்கூடத்தின் முத்திரை.

"யாருக்கு வித்தே என்னை?"

பெரிசு எழுந்திருக்கவில்லை. "விக்கலடி."

"பின்ன?"

"உக்காரு."

"நின்னே கேக்கறேன். எனக்கு நின்னுதான் பழக்கம்."

பெரிசு தீயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது நடுசு."

பொடிசுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபின் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த மேலாளர் வீட்டுக்கு வந்தான்ல. வேலைக்குக் கை எப்படி இருக்குன்னு பாக்கணும்னு நடுசு கையைப் புடிச்சான். அப்பா பாத்துட்டுத்தான் இருந்தாரு. தட்டிக் கேக்க அவரால முடியல, காலு அப்படி, வீட்டுக்குச் சம்பளமும் வேணும். நான் பாத்தேன். அவன் போனப்புறம் நடுசு கையை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினா. இவளை அங்க அனுப்பக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன். தூரத்துல ஒரு விடுதி, பொண்ணுங்களைச் சேத்துப் படிக்க வெப்பாங்கன்னு கேள்விப்பட்டிருந்தேன். ஆனா பதினஞ்சு வயசுக்குள்ள இருக்கணும். அவ குருவி மாதிரி இருந்தா. உன் பேப்பரை எடுத்துக் கொடுத்தேன்."

"செத்துட்டான்னு சொன்னியே."

"உயிரோட இருக்கான்னா அப்பா போய்க் கூட்டிட்டு வந்துருவாரு. செத்தவளைத்தான் யாரும் தேட மாட்டாங்க. சித்தியையும் அப்படியே சொல்ல வெச்சேன்." பெரிசு அடுப்புச் சாம்பலைக் கிளறினாள். "அவரு சாகற அன்னிக்கு நடுசு நடுசுன்னுதான் அழுதாரு. பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். அப்பவும் சொல்லல."

"சரி, அவளைக் காப்பாத்தினே. என்னை?"

"நான் அந்தக் கடுதாசியோட போறேன்னு அப்பாகிட்ட சொன்னேன்டி. எனக்கு இருபத்திரெண்டு, முகம் முப்பது. கண்ணு தெரியாதவன்கூட நம்பமாட்டான்னாரு. நீ நெடுநெடுன்னு நின்னே. உன்னை அனுப்புவாருன்னு நான் நினைக்கல."

"நினைக்கலையா? இல்ல, நினைச்சும் விட்டியா?"

பால் பாத்திரம் காலியாகவே அடுப்பின் மேல் இருந்தது.

"தெரியல," என்றாள் பெரிசு. "நாப்பது வருஷமா அதைத்தான் யோசிக்கறேன். அதனாலதான் கேண்டீன்ல சேந்தேன். அவன் உன்னைக் கூப்பிடறப்பல்லாம் டீயோட வந்தேன். ஒரு தரம் கையில கொட்டினேன், ஞாபகம் இருக்கா? தெரிஞ்சுதான் கொட்டினேன்."

பொடிசுக்கு ஞாபகம் இருந்தது. மேலாளர் கை கொப்புளித்தது. அக்காவின் அஜாக்கிரதைக்காக அன்று முழுக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அவளுக்கு இதெல்லாம் தெரியுமா? நான் பெல்ட்ல நின்னது?"

"முதல்ல தெரியாது. படிப்பு முடிஞ்சப்புறம் சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. வருஷத்துக்கு ஒரு கடுதாசி போடுவா. நீ எப்படி இருக்கேன்னு கேப்பா."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே," என்றாள் பொடிசு.

*

பள்ளிக்கூடம் பேருந்தில் மூன்று மணி நேரம். கேட்டில் காவலாளி ஒரு நோட்டைத் திருப்பி நீட்டினான். வந்தவர் பெயர், பார்க்க வேண்டியவர் பெயர் என்று இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் அட்டையில் இருக்கிறபடி நடுசின் பேரை எழுதினாள். இரண்டாவது கட்டத்தில் தன் பேரை எழுதினாள். பேனா இரண்டு தரம் நின்றது. "டீச்சருக்குச் சொந்தமா?" என்றான் காவலாளி. "பாத்தாத்தான் தெரியும்," என்றாள்.

ஆசிரியர் அறையில் யாரும் இல்லை. வகுப்பு முடிந்து ஒருத்தி வந்தாள். சின்ன உருவம், பஞ்சாக வெளுத்த தலை, விரலில் சாக்பீஸ் பொடி. கதவிலேயே நின்றுவிட்டாள். பொடிசும் எழுந்திருக்கவில்லை. நாற்பது வருஷமாகச் செத்துப்போயிருந்த ஒருத்தியிடம் முதலில் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வளந்துட்டே," என்றாள் நடுசு.

"அப்பவே வளந்துட்டேன். அதுதான் வினை."

நடுசு எதிரே உட்கார்ந்தாள். மேஜையின் மேல் இருந்த கையைத் தொடலாமா என்று யோசிப்பவள்போல் தன் கையைக் கொஞ்சம் நகர்த்தினாள். பொடிசு தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என் பேர்ல நல்லாப் படிச்சியா?"

"வகுப்புல ரெண்டாவது."

"முதல் யாரு?"

"ஒரு பொண்ணு. நிஜமாவே பதினாலு வயசு."

பொடிசுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "ரெண்டு மாசம் முன்னாடி எதுக்கு நகல் வாங்கினே?"

நடுசு இழுப்பறையைத் திறந்து ஒரு நீள உறையை எடுத்து வைத்தாள். "எனக்கு அம்பத்தெட்டு ஆகறப்ப உன்னை வீட்டுக்கு அனுப்புவாங்கன்னு தெரியும்ல. எல்லாத்தையும் எழுதிட்டேன். உங்க கம்பெனிக்கு, எங்க நிர்வாகத்துக்கு, பதிவு ஆபீஸுக்கு. உன் பேரு உனக்கு, என் பேரு எனக்கு. நகலும் வெச்சிருக்கேன்."

பொடிசு எடுத்துப் படித்தாள். மூன்று பக்கம். நல்ல கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. கடைசிப் பக்கத்தின் அடி காலியாக இருந்தது.

"கையெழுத்தைக் காணோம்."

"எந்தப் பேர்ல போடறதுன்னு தெரியல."

"அதுக்கா ரெண்டு மாசம்?"

நடுசு விரலில் இருந்த சாக்பீஸ் பொடியைத் தேய்த்தாள். வெளியே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் ஏறி இறங்கியது.

"இல்ல. பயந்துட்டேன். இதுல கையெழுத்துப் போட்டா வேலை போயிடும். பென்ஷன் இல்ல. கேஸும் போடலாம். நான் நடத்தின பிள்ளைங்கல்லாம் நம்ம டீச்சர் பேரே பொய்யான்னு கேக்கும். தினம் எடுத்துப் பாப்பேன். திரும்ப உள்ள வெப்பேன்."

அவள் பயப்படவில்லை என்று சொல்லியிருந்தால் பொடிசு அங்கேயே, அப்போதே பேனாவை எடுத்து நீட்டியிருப்பாள். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தாள். பேனா பையில் இருந்தது.

"சாப்பிட்டியா?" என்றாள் நடுசு.

"பஸ்ல முட்டை தின்னேன்."

"விடுதியில சோறு இருக்கு."

"வேணாம்." பொடிசு தாள்களை மடித்து உறையில் போட்டு, உறையைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "இது எங்கிட்ட இருக்கட்டும்."

நடுசு முகம் மாறியது. கேட்க வந்ததைக் கேட்காமல் விழுங்கியது பொடிசுக்குத் தெரிந்தது. நடுசு கேட் வரைக்கும் கூடவே வந்தாள். பேருந்து திரும்பும்போதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

*

ஆட்சேபணைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. உறை சாப்பாட்டுப் பையின் அடியில் கம்பெனிக்குப் போய்க் கம்பெனியிலிருந்து வந்தது. பெரிசு கேட்கவில்லை. ஆனால் பையைக் கழுவுகிறேன் என்று இரண்டு தரம் வாங்கப் பார்த்தாள். பொடிசு கொடுக்கவில்லை. இப்போது வேவு பார்ப்பது யார், பார்க்கப்படுவது யார் என்று அந்த வீட்டில் சொல்ல முடியாது.

பெல்ட் முன்னால் நிற்கும்போது அவள் நியாயம் பேசிப் பார்த்தாள். நாலு வருஷம் என்னுடையது. பள்ளிக்கூடம் என்னுடையது. டீச்சர் என்று கூப்பிட்டிருந்தால் என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கடைசியில் அந்த மேலாளரின் செண்டு வாசனை வந்து நிற்கும். மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவும் குருவி மாதிரி ஒருத்தி வந்து நிற்பாள். அவளை எந்த வரிசையில் விடுவது, எந்தத் தட்டில் போடுவது? பொடிசின் கை முதல் முறையாக ஒரு கருகலைத் தவறவிட்டது. கோந்து அதை எடுத்துப் போட்டாள்.

பதினைந்தாம் நாள் அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். "ஆட்சேபணை ஏதாவது இருக்காம்மா?"

பை தோளில்தான் இருந்தது.

"ஒண்ணும் இல்ல சார்," என்றாள். காட்டிய இடத்தில் நடுசின் பேரைக் கையெழுத்தாகப் போட்டாள். நாற்பது வருஷப் பழக்கம், தடுமாறாமல் வந்தது.

கடைசி நாள் ஷிப்டு முடிந்து பெண்கள் அவளைக் கேட் வரைக்கும் கொண்டுவிட வந்தார்கள். கேட்டுக்கு வெளியே பெரிசு நின்றிருந்தாள். அவள் பக்கத்தில், தோள்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுசு.

பொடிசு மற்றவர்களை விட்டு நாலடி முன்னால் போனாள். உறைக்காக வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது.

"லெட்டர் எங்கிட்டதான் இருக்கு," என்றாள் குரலைத் தாழ்த்தி. "தரமாட்டேன்."

"கேக்க வரல. வெச்சுக்க."

"பின்ன எதுக்கு வந்தே?"

"நீ இங்கேருந்து வெளிய வர்றதைப் பாக்கணும்னு."

அதை நம்புவதா வேண்டாமா என்று பொடிசு யோசித்துக்கொண்டிருந்தபோதே கோந்து வந்து ஒட்டிக்கொண்டாள். நடுசின் வெளுத்த தலையையும் சாயம் போன சின்ன முகத்தையும் உற்றுப் பார்த்தாள்.

"யாருக்கா இவங்க? உன் ஜாடை அடிக்குது."

பெரிசு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நடுசு தோள்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பின்னால் முப்பது பேர் நின்றிருந்தார்கள், அதிகாரியும் நின்றிருந்தார்.

"என் தங்கச்சி," என்றாள் பொடிசு. "என்னைவிட நாலு வயசு சின்னவ. டீச்சரா இருக்கா."

"தங்கச்சியா? பாத்தா அப்படித் தெரியலையே."

"படிச்சவ பாரு. யோசிச்சு யோசிச்சு நரைச்சிருச்சு."

கோந்து சிரித்தாள், பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நடுசு சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, மறுபடி எடுத்தாள். பெரிசு ஒருத்தியைத் தவிர வேறு யாரையும் அவள் கூப்பிட்டிராத சொல் அது.

"போலாமா, அக்கா?"

"நட," என்றாள் பொடிசு.